கழற்ற முடியாத ‘நீங்க’

1974 மார்ச் 5, செவ்வாய்

இன்று எல்விரா அம்மாள் வீட்டு முறை. செவ்வாயும் வெள்ளியும் அங்கேதான் தையல். மதியச் சாப்பாடு அடுக்களையில், சமையற்காரி விசியோடு. கொண்டைக்கடலைக் குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டியிருந்தாள். உப்பு கூடினால் சமைத்தவள் மனசு எவனிடமோ என்பார்கள் எங்கள் ஊரில். “யார் மேலயாவது ஆசையா விசி?” என்று கேட்டேன். “எனக்கா? இந்த வீட்டுல யாரு யார் மேல ஆசையா இருக்காங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?” என்றாள். கடலை தொண்டையில் சிக்கிக்கொண்டது. கடைசியில் பார்த்தால் தோட்டக்காரனையும் சலவைக்காரியையும் சொல்லியிருக்கிறாள். போன உயிர் திரும்பி வந்தது.

நான்கு மணிக்கு, வீடு முழுக்கப் பகல் தூக்கத்தில் இருந்தபோது, அவர் துணி அறைக்கு வந்தார்.

அவர் என்றால் இன்யிகோ. பெரிய வீட்டுப் பிள்ளை, அதனால் ஊருக்கே மரியாதையாகத் ‘தோன்’ இன்யிகோ. அம்மாளின் இளைய மகன். ஜனவரியிலிருந்து இப்படித்தான் நடக்கிறது. பீரோக்களுக்கு நடுவே, நானே ஓரம் மடித்து, நானே அவர்கள் குடும்பப் பெயரின் முதல் எழுத்தைப் பின்னிய விரிப்புகளின் மேல். எனக்கு இருபத்தொன்பது வயது. செய்வது இன்னதென்று தெரியாத வயதில்லை.

இன்று சிரித்தார். “உடம்புல இருந்த எல்லாத்தையும் கழட்டிட்ட. இந்த ‘நீங்க’வ மட்டும் கழட்ட மாட்டேங்கிறியே, காசில்தா.”

உண்மைதான். அவர் கழுத்து வியர்வையின் உப்பு என் உதட்டில் இருக்கிறது, அப்போதும் “நீங்க கொஞ்சம் கைய எடுங்க, பொத்தான் அறுந்துடும்” என்கிறேன். இந்த நோட்டில்கூட ‘அவர்’ என்றுதான் வருகிறது. என் அம்மாவும் இந்த வீட்டில்தான் தைத்தாள். எட்டு வயதுப் பையனாக இருந்த இவர் அவளை ‘நீ’ என்றார், நாற்பது வயதில் அவள் இவரை ‘நீங்க’ என்றாள். ஒருவரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. நாக்குக்கு அந்தப் பழக்கம் விடவில்லை.

மார்ச் 8, வெள்ளி

கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். கயெத்தானாவுக்கு அளவெடுக்க வேண்டுமாம்.

மே மாதக் குதிரைத் திருவிழாவுக்கு உடுப்பு. வெள்ளையில் பச்சைப் பொட்டு, பதினோரு அடுக்கு ஃபிரில். “இன்யிகோ குதிரையில இவள ஏத்திக்கிட்டுப் போறப்ப ஊரே திரும்பிப் பாக்கணும்” என்றார் எல்விரா அம்மாள்.

ஹெரெஸ் ஊரில் பிறந்த எவளுக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். திருவிழாவில் ஒருவன் குதிரையில் முதுகுக்குப் பின்னால் ஒருத்தி பக்கவாட்டில் உட்கார்ந்து, அவன் இடுப்பைக் கையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு போனாள் என்றால், அப்புறம் கல்யாணப் பத்திரிகை அடிப்பது வெறும் சம்பிரதாயம்.

கயெத்தானா திராட்சைத் தோட்டங்களின் ஒரே வாரிசு. இவர்களிடம் ஒயின் கிடங்கு. பெண் பார்த்தார்களா, நிலம் பார்த்தார்களா?

வெறுக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் முழங்காலிட்டேன். ஆனால் அளவு நாடாவை இடுப்பில் சுற்றியதும் அந்தப் பாவி குனிந்து, “மூச்சு விடலாமா, இல்ல அதுக்குத் துணி பத்தாதா?” என்றாள். சிரித்துவிட்டேன். வாயிலிருந்த குண்டூசி ஒன்று உதட்டைக் குத்திவிட்டது.

மார்ச் 12, செவ்வாய்

குதிரை விஷயத்தை அவரிடம் கேட்டேவிட்டேன். விரிப்பை மார்பு வரை இழுத்துக்கொண்டு, ஏதோ நீதிபதி மாதிரி உட்கார்ந்துகொண்டு.

“அது அம்மா பேசுற பேச்சு” என்றார். “குதிரை என்னோடது. அதுல ஏறப்போறது நீதான். திருவிழாப் புதன்கிழமை, நடுப்பகல்ல, எல்லார் கண்ணு முன்னாடியும். போதுமா?”

சொல்லிவிட்டு என் விரல் நுனிகளை ஒவ்வொன்றாக முத்தமிட்டார். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன நுனிகள். அவற்றை யாரும் அப்படித் தொட்டதில்லை. உடம்பு உடனே நம்பிவிட்டது. தலை கொஞ்சம் பின்னால் நடந்து வருகிறது.

மார்ச் 19, செவ்வாய்

ஊர் விடுமுறை. தையல் இல்லை. நான்கு மணி மட்டும் வந்துவிட்டுப் போனது.

மார்ச் 22, வெள்ளி

வேலை முடிந்து வீட்டுக்கு வந்து எனக்கும் ஓர் உடுப்பு தைக்கிறேன். எல்விரா அம்மாள் போன வருஷம் தூக்கிப்போடச் சொன்ன சாப்பாட்டு அறைத் திரைச்சீலை. ரத்தச் சிவப்பு. வெயில் படாத உள்மடிப்பு இன்னும் புதிதாகவே இருக்கிறது.

தைக்கும்போது பழகுகிறேன். தையல் மெஷினைப் பார்த்து: “நீ வா. நீ உக்காரு. நீ இங்க பாரு.” மெஷினிடம் வருகிறது. அதன் இடத்தில் அவர் முகத்தை நினைத்தால் வாய் மூடிக்கொள்கிறது.

அக்கா ஒப்துலியா ரொட்டிக் கடை வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டாள். மாவு படிந்த கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, “யாரடி வா போன்னு கூப்புட்டுட்டு இருக்க?”

“மெஷின, அக்கா.”

“மெஷினுக்கு மீசை இருக்கா?”

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். மெதுவாக உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். “ஒரு நாள் எல்லார் முன்னாடியும் ஒனக்கு ‘நீ’ன்னு வாய் தவறப்போகுது பாரு. அன்னிக்கு அந்தம்மா ஒன்னத் தோலுரிச்சு உப்புத் தடவிக் காய வெச்சிரும். மீன் மாதிரி.”

அதுதான் இப்போது என் பயம். கூடத்தில், அவர் அம்மா பார்த்துக்கொண்டிருக்க, வாயிலிருந்து அந்த ஒற்றை எழுத்து விழுந்துவிட்டால்? வேலை போகும். இந்த வீட்டில் போனால் அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் போகும். பழகவும் வேண்டும், மறக்கவும் வேண்டும். எந்த அறையில் எது என்று நாக்குக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

ஏப்ரல் 12, பெரிய வெள்ளி

ஊர்வலம். ஆயிரம் பேர் கறுப்பு அங்கியில், முகத்தை மூடிய கூம்புத் தொப்பியில், கையில் மெழுகுவர்த்தி. கண்ணுக்கு இரண்டு ஓட்டைகள் மட்டும். பெற்ற தாய்க்கே பிள்ளையை அடையாளம் தெரியாது.

எனக்குத் தெரிந்தது. அவர் அங்கியின் விளிம்பை நான்தான் மடித்தேன். அவசரத்தில் இடது பக்கம் இரண்டு விரல் தூரம் நூல் வேறு கறுப்பு. அந்த இரண்டு விரல் என்னை நோக்கி வந்தது, நின்றது, மெழுகு சொட்டிய கை என் கையைப் பிடித்தது. பட்டப்பகலில், தெருவில், கூட்டத்தில். என் பக்கத்தில் ஒப்துலியா, எதிரே மேல்மாடியில் எல்விரா அம்மாள்.

பிடித்துக்கொண்டே நின்றார். முரசு அடித்ததும் நகர்ந்தார்.

வீட்டுக்கு வந்து ஒயினில் நனைத்துப் பொரித்த ரொட்டியை நான்கு துண்டு தின்றேன். அவ்வளவு சந்தோஷம். கையில் ஒட்டிய மெழுகை உரிக்கவில்லை.

ஏப்ரல் 23, செவ்வாய்

திருவிழாவுக்குப் பதினைந்து நாள். துணி அறைக்கு அவர் வந்தார், ஆனால் காது வாசலிலேயே இருந்தது. அம்மாவுக்குச் சந்தேகம் வந்திருக்கலாம் என்கிறார். “எல்லார் முன்னாடியும் ஜாக்கிரதையா இரு. ஏதாவது வாய் தவறிடப்போகுது.”

“எனக்குத் தவறாது” என்றேன்.

ஏப்ரல் 26, வெள்ளி

எழுத்து கோணலாக வருகிறது. இருக்கட்டும்.

கூடத்தில் கயெத்தானாவுக்குக் கடைசி அளவு. அவள் முக்காலி மேல் நின்றாள், நான் தரையில் முழங்காலிட்டு ஃபிரிலைக் குண்டூசியால் மடித்துக்கொண்டிருந்தேன். எல்விரா அம்மாள் விசிறியோடு நாற்காலியில். விசி காபித் தட்டோடு. அப்போது அவர் உள்ளே வந்தார், குதிரைச் சவாரிக்கான குட்டைக் கோட்டைப் போட்டுக்கொண்டு.

வாய் நிறைய குண்டூசி வைத்துக்கொண்டேன். எட்டோ பத்தோ. ஊசி இருந்தால் பேச வேண்டியதில்லை. பேசாவிட்டால் தவறாது. நன்றாகத்தான் யோசித்திருந்தேன்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். என்னைப் பார்க்காமல், சுவரில் தொங்கிய தாத்தா படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “காசில்தா, உங்களுக்குத் தொந்தரவு இல்லன்னா, இத முடிச்சதும் என் கோட்டுக் கையைக் கொஞ்சம் பாக்குறீங்களா?”

விசிறி நின்றது.

விசியின் தட்டில் கரண்டி ஒன்று தானாகக் கிணுகிணுத்தது. கயெத்தானா முதலில் சிரித்தாள். அப்புறம் அவள் இடுப்பு என் கைக்குள்ளேயே இறுகுவது தெரிந்தது. சிரிப்பும் நின்றது.

“என்ன சொன்ன?” என்றார் அம்மாள்.

“கோட்டுக் கைம்மா, கொஞ்சம் நீளமா...”

“கோட்ட விடு. ‘பாக்குறீங்களா’ன்னியே. இந்த வீட்டுல பாதிரியாருக்கும் எனக்கும்தான் நீ அந்த மரியாத குடுப்ப. எனக்கே பாதி நாள் கெடையாது.”

இத்தனை நாள் தையல்காரியை ‘நீ’ என்று சொல்லியே பழகிய மனிதர். ‘ஏய், இதத் தை’ என்று சொல்லியிருந்தால் ஈ காக்கை திரும்பிப் பார்த்திருக்காது. ஜாக்கிரதை, ஜாக்கிரதை என்று, அளவுக்கு மீறிய ஜாக்கிரதையில் மாட்டிக்கொண்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வாய் தவறப்போகும் நுணல் நான்தான் என்றல்லவா ஒரு மாதமாகச் செத்துக்கொண்டிருந்தேன்!

இப்போதாவது உண்மையைச் சொல்வார் என்று நினைத்தேன். நினைத்தேன், மறைப்பானேன்? முழங்காலிலிருந்து எழக்கூடப் பார்த்தேன்.

“வாய் தவறிருச்சும்மா” என்றார். அப்புறம் என் தலைக்கு மேலாக, “நீ அத முடிச்சுட்டுக் கெளம்பு.”

நீ. நான் சொல்லப் பழகிய அதே எழுத்து. அவர் வாயிலிருந்து அது எத்தனை முறை என் காதுக்குள் விழுந்திருக்கிறது, மூச்சோடு, சூடாக. இன்று அதே எழுத்தால் என்னைத் தரையோடு வைத்து அழுத்தினார்.

எல்விரா அம்மாள் மறுபடி விசிற ஆரம்பித்தார். “இனிமே செவ்வாய், வெள்ளி வர வேண்டாம். உடுப்ப உன் வீட்டுலயே முடிச்சு வை. ஆளனுப்புறேன்.” கோபமே இல்லை குரலில். காபியில் சர்க்கரை போதும் என்பது போலச் சொன்னார்.

ஏப்ரல் 27, சனி

“குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னான்” என்கிறாள் ஒப்துலியா. எனக்கு நெஞ்சே இல்லாதது போல இருக்கிறது.

ஏப்ரல் 30, செவ்வாய்

நான்கு மணிக்கு வெள்ளை உடுப்பை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கயெத்தானா அவர் பின்னால் ஏறி, அவர் இடுப்பைப் பிடிக்கப்போகிறாள். என் கையால் தைத்ததைப் போட்டுக்கொண்டு.

இடுப்பு இணைப்பில் மெஷின் ஓட்டவில்லை. பிடித்துக்கொள்ளக் கையால் ஓட்டிய வெறும் நூல், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. நிற்கலாம், நடக்கலாம். குதிரைமீது ஏறக் காலைத் தூக்கினால் பின்பக்கம் மொத்தமும் வாயைப் பிளக்கும். ஊரே திரும்பிப் பார்க்கும், அம்மாள் ஆசைப்பட்டபடி.

“அப்படியே விடு” என்கிறாள் ஒப்துலியா. “சாமி கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு.”

விட்டுவிட்டேன். இஸ்திரி போட்டு மாட்டியும் வைத்துவிட்டேன்.

மே 3, வெள்ளி

ஆளனுப்புவார்கள் என்று இருந்தேன். கயெத்தானாவே வந்தாள். எங்கள் சந்துக்குள், தனியாக, உயர்ந்த செருப்போடு, கல் தடுக்கித் தடுக்கி. சன்னல்கள் எல்லாம் திறந்துகொண்டன.

உடுப்பைக் கேட்கவில்லை. நாற்காலியை அவளே இழுத்துப் போட்டுக்கொண்டாள். “எத்தன நாளா?”

“ஜனவரியிலேருந்து.”

“சத்தியம் பண்ணானா?”

“குதிரையில ஏத்திக்கிறேன்னார்.”

“ஓ. எனக்கும் அதேதான்.” கைவிரல் மோதிரத்தைத் திருகிக்கொண்டே இருந்தாள். கோபமாகத்தான் இருந்தாள், ஆனால் அது என்மேலா என்று தெரியவில்லை. “ஒண்ணு மட்டும் சொல்லு. அவன் எப்பவாவது பயப்படாம இருந்து பாத்திருக்கியா? நான் பாத்ததே இல்ல. அதான் கேக்குறேன்.”

யோசித்தேன். பொய் சொல்லலாமா என்றும் யோசித்தேன்.

“ஒரே ஒரு தடவ. பெரிய வெள்ளிக்கிழம. தெருவுல என் கையப் பிடிச்சார்.”

“தெருவுலயா! எப்படி?”

“முகத்த மூடியிருந்தாங்கல்ல.”

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. எனக்கும் வந்தது. சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று தெரியாது.

எழுந்து உடுப்பைக் கொக்கியிலிருந்து எடுத்தாள். கையில் மடித்துக்கொண்டு வாசல் வரை போய்விட்டாள். போகட்டும் என்று ஒரு மனம், ஐயோ என்று ஒரு மனம்.

“நில்லுங்க. நாளைக்கு வாங்கிக்குங்க. இடுப்புத் தையல் இன்னும் முடியல.”

அவள் இணைப்பை விரித்துப் பார்த்தாள். விரலால் லேசாக இழுத்ததும் நூல் கையோடு வந்தது. என்னைப் பார்த்தாள்.

“குதிர மேல வெச்சுக் கிழிஞ்சிருக்கும். இல்ல?”

“ஆமா.”

“நானா இருந்தா இடுப்போட விட்டிருக்க மாட்டேன்” என்றாள். உடுப்பை மெஷின்மேல் போட்டுவிட்டு, “கெட்டியா தை. நாளைக்கு வரேன்.”

மே 6, திங்கள்

விசி கூடைக்கு அடியில் ஒரு சீட்டு கொண்டுவந்தாள். அவர் கையெழுத்து. ‘புதன் ஒரு மணிக்கு நீரூற்றுப் பக்கம் நில். சொன்ன சொல் மாறமாட்டேன்.’

கிழித்தேன். அப்புறம் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் படித்தேன். வெட்கம் கெட்டவள். சிவப்பு உடுப்புக்குக் கடைசி ஃபிரில் தைக்கிறேன்.

மே 8, புதன்

புழுதி, குதிரை வியர்வை, கைதட்டு, காது கிழியும் பாட்டு. நீரூற்றின் பக்கம் நின்றேன். தலையில் பூ, தோளில் ஒப்துலியாவின் சால்வை. திரைச்சீலையில் தைத்தது என்று யாரும் சொல்ல முடியாது. வெயில் மண்டையைப் பிளந்தது. ஒப்துலியா கொஞ்சம் தள்ளி, பொரித்த மீன் தின்றுகொண்டு.

முதலில் கயெத்தானா வந்தாள். அப்பாவின் வண்டியில், வெள்ளையில் பச்சைப் பொட்டு மின்ன. குதிரைமீது இல்லை! தலைவலி, ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். போகிறபோது என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான், பார்த்தாள்.

அப்புறம் அவன் வந்தான். செம்பழுப்புக் குதிரை, குட்டைக் கோட்டு, அகலத் தொப்பி. எப்படி இருந்தான் என்று எழுதமாட்டேன். முதுகுக்குப் பின்னால் காலி. முப்பது அடி பின்னால் அம்மாள் வண்டி, நெரிசலில் நின்றபடி.

குதிரையை என் முன்னால் நிறுத்தினான். சுற்றி நின்றவர்கள் ஒதுங்கினார்கள். கை நீட்டு. கையை நீட்டினால் போதும், மற்றதெல்லாம் மறந்துவிடுகிறேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கால்கூட ஒரு அடி முன்னால் வந்துவிட்டது.

அவன் சேணத்திலிருந்து குனிந்தான். உதடு அசையாமல் பேசினான், வண்டிப் பக்கம் ஒரு கண் வைத்து. “காசில்தா, நீங்க... நீங்க கொஞ்சம் அந்த மரங்களுக்குப் பின்னால வந்துட்டீங்கன்னா, அங்க ஏத்திக்கிறேன். இங்க வேணாம். அம்மா பாக்குறாங்க.”

குதிரை தலையை ஆட்டியது. அதற்கே வெட்கம்போல.

எனக்கு அழுகை வரவில்லை. வேர்வை காய்ந்து உடம்பு குளிர்ந்ததுபோல இருந்தது. வாயில் குண்டூசி இல்லை. எத்தனை வாரம் மெஷினிடம் பழகியது, அது பாட்டுக்கு வந்தது. சத்தமாக.

“நீ போ, இன்யிகோ.”

பாட்டு நிற்கவில்லை. ஆனால் எங்களைச் சுற்றி ஒரு வட்டம் நின்றுவிட்டது. தையல்காரி தோன் இன்யிகோவை ‘நீ’ என்றாள். அம்மாள் வண்டியில் எழுந்தே நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் வாய் திறந்து முதலில் வந்தது மகனைப் பற்றிய பேச்சில்லை: “அது... அது என் சாப்பாட்டு ரூம் திரையாச்சே!”

ஒப்துலியாவுக்கு மீன் புரையேறியது.

அவன் போனான். போ என்றதும் போய்விட்டான். அதுதான் இப்போதும் எரிகிறது.

மே 9, வியாழன்

பகல் முழுக்க அழுதேன். ஒப்துலியா நத்தைக் குழம்பு வைத்தாள். என் குண்டூசியை எடுத்து, ஓட்டிலிருந்து நத்தையைக் குத்தி எடுத்து, கையில் கொடுத்தாள். அழுதுகொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

ஜூன் 11, செவ்வாய்

காலையில் விசி. புதுத் தையல்காரி விரிப்புகளில் குடும்ப எழுத்தைத் தலைகீழாகப் பின்னிவிட்டாளாம். “அம்மா ஒன்ன வரச் சொல்றாங்க. ஒண்ணும் மனசுல வெச்சுக்க வேணாமாம்.” செவ்வாயில் எனக்கு வேறு வேலை இருக்கிறது என்று சொல்லியனுப்பினேன். பொய்யில்லை. அந்தத் தெருவில் ஒரு வீடும் கூப்பிடவில்லை, ஆனால் எங்கள் சந்திலேயே வேலை வருகிறது. திரைச்சீலை உடுப்பைப் பார்த்தவர்கள் அதே மாதிரி கேட்கிறார்கள்.

நான்கு மணி ஆனால் உடம்பு இன்னும் காலடிச் சத்தத்துக்குக் காது கொடுக்கிறது. அதற்கு மட்டும் இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.

இன்று நான்கு மணிக்குக் கயெத்தானா வந்தாள். சொந்தக் குதிரை வாங்கிவிட்டாளாம், சவாரிப் பாவாடை தைக்க வேண்டும். இன்யிகோவை லண்டனுக்கு அனுப்பியிருக்கிறார்கள், ஒயின் விற்க. “அங்க ‘நீ’க்கும் ‘நீங்க’வுக்கும் ஒரே வார்த்தைதானாம்” என்றாள். “நிம்மதியா இருப்பான்.”

சிரித்துக்கொண்டே முக்காலியில் ஏறினாள். சிரிப்பில் இடுப்பு குலுங்கியது, மடிப்பு நழுவியது.

“ஆடாத, குத்திரும்” என்றேன்.

வாயிலிருந்த ஊசிகளை எடுத்த பிறகுதான் கவனித்தேன், என்ன சொன்னேன் என்று. நிமிர்ந்து பார்த்தேன்.

அவள் ஆடாமல் நின்றுகொண்டிருந்தாள்.